பயண நோக்கம்

டில்லி விமான நிலையத்தில்
கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் கேட்டார்:
நோக்கம்?
யோகா என்றேன்.
போன தடவையும் அதுதானே என்று
பழைய முத்திரையைப் பெருவிரலால் தடவினார்.
ஒன்பது வருஷம்.
இன்னுமா முடியவில்லை?
கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார்.

ரிஷிகேஷுக்கு இரவுப் பேருந்து.
தன் தோளில் விழுந்த என் தலையை
ரூர்க்கி வரை எழுப்பாமல் விட்ட பக்கத்து இருக்கைக்காரர்
தேநீருக்கும் காசு கொடுக்க விடவில்லை.
இந்த நாட்டில் எனக்குக் கடன்
இப்படித்தான் தொடங்கும்.

தபோவனத்தில் வழி தெரியும் என்று நினைத்தேன்.
பசுக்கொட்டில் இருந்த முடுக்கில் ஆறு மாடி விடுதி.
அடையாளத்துக்கு வைத்திருந்த மாமரம்
கப்புச்சினோ விற்றுக்கொண்டிருந்தது.
கங்கை மட்டும் அங்கேயே,
டிசம்பருக்கு உரிய பச்சையில்,
யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல்.

தேவேஸ்வரி பிஷ்ட் மொட்டைமாடியில்
ராஜ்மா உலர்த்திக்கொண்டிருந்தார்.
நெற்றியில் கைவைத்து வெயிலுக்குள் பார்த்தார்.
"கேட்டோ!"
கெத்தேவான் என்ற முழுப்பெயர்
அன்றும் அவர் வாயில் நுழைந்ததில்லை.
"கல் வருகிறேன் என்று போனவளாயிற்றே."

அவர்கள் மொழியில்
நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்:
கல்.
அப்படியானால் நான் தாமதிக்கவில்லை, சித்தி என்றேன்
துருப்பிடித்த இந்தியில்.
அவர் சிரித்ததில் இரண்டு பற்கள் குறைந்திருந்தன.

என் பாய்?

மூன்றே மாதத்தில் திரும்புவேன் என்று
அலமாரி மேல் சுருட்டி வைத்துப் போன ஊதாப் பாய்.
குத்தைசியில்
அம்மாவின் மூத்திரப் பையை மாற்றும் இரவுகளில்,
கணவன் லாரி ஓட்டப் போலந்து போய்
போனை எடுக்காத வாரங்களில்,
எங்கோ ஒரு மேட்டில்
எனக்காக ஒன்று சுருண்டு படுத்திருக்கிறது என்று
நினைத்துக்கொள்வேன்.

தேவேஸ்வரி கொஞ்சம் யோசித்தார்.
பிறகு உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்.
தையல் மிஷினின் கால்களுக்குக் கீழே நாலு துண்டு.
தைக்கத் தைக்க மிஷின் நடந்துபோய்விடுகிறதாம், அதனால்.
ஒரு துண்டு மகனின் ஸ்கூட்டர் சீட்டுக்கு.
ஒரு துண்டு பனியில் பிறந்த கன்றுக்கு,
அதைக் கன்று தின்றுவிட்டது.
"எடுத்துத் தரவா?"
மிஷினைத் தூக்கக் குனிந்தேவிட்டார்.
வேண்டாம் வேண்டாம் என்று
அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பு.
என் பழைய ஆசிரியர் கனடா போய்விட்டார்.
இவர் நவ்நீத், முப்பது வயதுகூட இருக்காது.
குனியச் சொன்னார், குனிந்தேன்.
முட்டி முனகியது.
இடுப்பு மட்டும் எண்ணெய் போட்ட கதவு.
நெற்றி முழங்காலைத் தாண்டி இறங்கியது.

"இத்தனை வருஷம் யாரிடம் பயிற்சி?"

என்ன சொல்ல.
எங்கள் அடுப்புக்குத் தோனே என்று பெயர்.
இடுப்பளவு மண்கிணறு, அடியில் தணல்.
ரொட்டியை உள்சுவரில் அறைய வேண்டும்.
விடிகாலை நாலரையிலிருந்து
இருநூறு முறை
தலைகீழாக அதற்குள் கவிழ வேண்டும்,
கால் தரையை விட்டு எழும்பும்.
மூச்சை விட்டபடிதான் கையை நீட்டலாம்,
இழுத்தால் நெஞ்சு வெந்துவிடும்.
அதைப் பயிற்சி என்று
ஒருநாளும் நினைத்ததில்லை.
வாடகை என்று நினைத்தேன்.
மருந்துச் சீட்டு என்று நினைத்தேன்.

முன்னங்கைத் தழும்புகளைக் காட்டினேன்.
தான் படித்த எதனோடோ
பொருத்திப் பார்த்தார் போலிருக்கிறது.
தலையாட்டிவிட்டு
அடுத்த பிரேசில்காரரிடம் போனார்.

கடைசியில் எல்லோரும் பிணமாகக் கிடந்தோம்.
என்னிடம் விரிப்பில்லை.
வாசலிலேயே விற்கிறார்கள், எண்ணூறு ரூபாய்.
வாங்கவில்லை.
வெறுங்கல் முதுகில் குளிர்ந்தது,
பிறகு கொஞ்சம் குறைவாகக் குளிர்ந்தது.
கீழ்த்தெருவில் எங்கோ
ஒரு தையல் மிஷின்
ஓடிக்கொண்டிருந்தது,
நடக்காமல்.